கிளம்ப விடாத வீடு

ஆலோசனைக்கென்று வந்து, அறைக்குள் நுழைந்ததும் அழுகிறவரைப் பார்த்துப் பதறாதீர்கள். உங்கள் வேலையில் பாதியை அவரே செய்துவிட்டார். முறுக்கும் பிளாஸ்க் நிறையக் காப்பியும் கொண்டுவந்து, "மொதல்ல நீங்க குடிங்க" என்று உபசரிக்கிறாரே, அவரிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நான் படித்த எந்தப் பாடப் புத்தகத்திலும் இது இல்லை. கோயம்புத்தூரில் வேலை பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் மதுரைக்காரி. கல்யாணமாகி இங்கே வந்தவள். எங்கள் ஊரில் ஒருவருக்கு உங்களைப் பிடிக்கவில்லை என்றால் அது உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். தெருவுக்கும் தெரிந்துவிடும். இங்கே கோபத்துக்கும் 'ங்க' உண்டு. வந்த புதிதில் ஒரு பெரியவர் என்னிடம், "உங்களுக்கு ஒண்ணுமே தெரியலீங்களே" என்று சிரித்த முகத்தோடு சொன்னார். அவர் என்னைத் திட்டினார் என்பது, வீட்டுக்குப் போய் இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் உறைத்தது.

தொண்ணூறுகளின் நடுவில், கோயம்புத்தூரின் கணபதிப் பகுதியில் ஒரு கட்டடத்தின் மாடியில் எனக்கு ஓர் அறை இருந்தது. கீழே பல் டாக்டர். 'மனநல ஆலோசனை' என்று நான் ஆசையாக எழுதி மாட்டிய பலகையைக் கட்டடக்காரர் மிகுந்த மரியாதையோடு கழற்றி என் கையில் கொடுத்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க, இது தொங்குனா உங்ககிட்ட ஆருங்க வருவாங்க?" என்றார். அவர் சொன்னது சரிதான். பலகை போன பிறகுதான் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் எல்லாரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படி ஏறினார்கள். தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் பல்வலி என்று சொல்லிக்கொள்ளலாம். சிலர் என் எதிரில் உட்கார்ந்து, தூக்கமே வருவதில்லை என்று சொல்லும்போதும் கன்னத்திலிருந்து கையை எடுக்க மறந்திருப்பார்கள்.

கவிதாவும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். ப்ளஸ் டூ முடித்த பெண். திருச்சியில் இன்ஜினியரிங் சீட் கிடைத்திருந்தது. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். கல்லூரி திறக்க இன்னும் இரண்டு மூன்று மாதங்களே இருந்தன.

"உனக்கு என்னம்மா பிரச்சினை?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. எங்கப்பாவுக்குத்தானுங்க."

"அப்பாவுக்கு என்ன?"

"அவரு ரொம்ப நல்லவருங்க." கொஞ்சம் யோசித்தாள். "அதுதானுங்க பிரச்சினை."

அவளுடைய அப்பாவை நாச்சிமுத்து என்று வைத்துக்கொள்வோம். எல்லாருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன். ஊரை மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் கதையே நிற்காது என்பது போகப் போகத் தெரியும். கணபதியில் சொந்தமாக லேத் பட்டறை வைத்து, பம்புசெட் பாகங்கள் கடைந்து கொடுப்பவர். உபசரிப்பில் பேர்போன வீடு. அவர் வீட்டுக்கு யார் போனாலும் உடனே திரும்ப முடியாது. மின்சார மீட்டர் பார்க்கக் காலையில் வந்த ஆள் மாலை டிபனும் முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் வாசலிலேயே சிலிண்டரை உருட்டிவிட்டு ஓடப் பழகிக்கொண்டார். சொந்தக்காரர்கள் கிளம்பலாம் என்று எழுந்தால் செருப்பு இருக்காது.

"செருப்பு எங்கே போகும்?"

"அப்பா பீரோவுல வெச்சுப் பூட்டிருவாருங்க. நகை வெக்கிற அறையில."

இதையெல்லாம் உறவில் யாரும் கோளாறு என்று நினைக்கவில்லை. "உபசரிச்சா நாச்சிமுத்து மாதிரி உபசரிக்கோணும்" என்று கல்யாண வீடுகளில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். வேறு எந்த ஊராக இருந்தாலும் மூன்றாம் நாளே மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

"எப்போதிலிருந்து இப்படி?"

"மாமா போனதுல இருந்துங்க."

மாமா என்றது அவள் அம்மாவின் தம்பி தங்கவேலுவை. காரமடைப் பக்கம் விவசாயம். இரண்டு வருடம் முன்பு அக்கா வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டு மொபெட்டில் கிளம்பியவர், அந்தத் தெரு மெயின் ரோட்டில் சேரும் முக்கில் லாரி மோதி இறந்துபோனார். சத்தம் கேட்டு முதலில் ஓடியது நாச்சிமுத்து. அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை.

"சீட்டு வாங்கறதுக்கு நானும் அம்மாவும் மெட்ராஸ் போனமுங்க. திரும்பி வந்து பார்த்தா அப்பா கேட்டைப் புடிச்சுட்டு நிக்கறாருங்க. போனப்ப நின்ன மாதிரியே. சோறு திங்கலீங்க, தூங்கலீங்க." அவள் குரல் இறங்கிவிட்டது. "எனக்குத் திருச்சி வேண்டாமுன்னு சொல்லிப்போடலாமுன்னு இருக்கறனுங்க. அதுக்கு முந்தி உங்களை ஒருக்கா கேட்டுப் பாக்கலாமுன்னு வந்தனுங்க."

கல்லூரி திறப்பதற்குள் சரியாகிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. நீங்களும் யாருக்கும் அப்படிக் கொடுக்காதீர்கள். அப்பாவை வரச் சொன்னேன்.

நாச்சிமுத்து கன்னத்தைப் பிடிக்காமல் வந்த முதல் ஆள். அவரால் பிடிக்கவும் முடியாது, இரண்டு கையிலும் சாமான். ஒரு பிளாஸ்க், இந்த ஊரில் தூக்குப்போசி என்று சொல்லும் தூக்குவாளி ஒன்று, ஒரு பை. "ஏனுங்க, நின்னுட்டே இருக்கறீங்க, உக்காருங்க" என்று என் அறையில் என்னை உட்கார வைத்தார். எனக்குக் காப்பி ஊற்றினார். தங்கவேலுவைப் பற்றிக் கேட்டேன். தயங்காமல் சொல்லத் தொடங்கினார். அன்று நாட்டுக்கோழி அடித்தார்களாம். மிளகாயை வறுத்து அம்மியில்தான் அரைக்க வேண்டுமாம். சின்ன வெங்காயம் எவ்வளவு, தேங்காய் எப்போது. அதற்குப் பிறகு என்ன என்று கேட்டால், "அப்பறம் காரியமெல்லாம் முடிஞ்சுதுங்க" என்பார். சாப்பாட்டிலிருந்து நேராகப் பதினாறாம் நாளுக்குப் போய்விடுவார். நடுவில் இருப்பது எதுவும் வராது. அவரோடு உட்கார்ந்த முதல் சில வாரங்களில் நான் கற்றுக்கொண்டது நாட்டுக்கோழிக் குழம்பு வைக்கத்தான். இன்றைக்கும் என் வீட்டில் அதற்கு நல்ல பெயர்.

நேரம் முடிந்ததும், "சரிங்க, அடுத்த வாரம் பார்ப்போம்" என்பேன். "இருங்க, கேசரி இருக்குது" என்று தூக்குப்போசியைத் திறப்பார். நானும் தின்றேன். குறிப்பில் 'நல்ல ஒத்துழைப்பு' என்று எழுதினேன். வெளியே காத்திருந்து அலுத்துப்போன அடுத்த ஆள் கீழே இறங்கி நிஜமாகவே பல்லைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

மகள் இவ்வளவு விளக்கமாகச் சொல்லியிருந்தும், நோய் என் கண் முன்னால் தட்டில் கேசரி வைத்துக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தது அவர் வீட்டுக்கு ஒரு நாள் போனபோதுதான்.

அன்று நான் அதிகம் பேசவில்லை. தின்பதற்கே நேரம் சரியாக இருந்தது. எழுந்து, இந்த ஊர் வழக்கப்படி "வாரனுங்க" என்றேன். "ஒரு வாய் மோர் குடிச்சுப்போட்டுப் போங்க" என்றார். குடித்தேன். மறுபடியும் "வாரனுங்க". "இளநி வெட்டச் சொல்லியிருக்கறனுங்க." அதுவும் ஆயிற்று. மூன்றாவது முறை சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தால் செருப்பைக் காணோம். எனக்கு மதுரை தலைக்கு ஏறிவிட்டது. நாக்கு நுனி வரை வந்த வார்த்தையோடு திரும்பினேன்.

அவர் கையில் மோர் டம்ளர் தளும்பித் தரையில் சிந்திக்கொண்டிருந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே நின்றும் நெற்றியெல்லாம் வேர்வை. ஓடி வந்தவரைப் போல மூச்சு வாங்கினார். வாய் மட்டும், "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா" என்று கேட்டது. கண் என்மேல் இல்லை. எனக்குப் பின்னால், தெருமுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் என்னை உபசரிக்கவில்லை. என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அது புரிந்ததும் எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அந்த மனிதர்மேல் பெரிய இரக்கமும் வந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்தேன்.

"நான் இப்போ போனா என்ன ஆகும்னு தோணுதுங்க?"

டம்ளரைத் தரையில் வைத்தார். பிறகு, "நீங்க வாரேன்னு சொன்னீங்கல்லங்க" என்றார்.

"ஆமா."

"அவனும் அதத்தானுங்க சொன்னான். 'வாரனுங்க மாமா'ன்னு."

நம் ஊரில் யாரும் 'போகிறேன்' என்று சொல்லிக்கொண்டு போவதில்லை. போகிறவர் எல்லாரும் வருகிறேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறோம். ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம், எத்தனை முறை கேட்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். பட்டறை ஆட்கள், தபால்காரர், பால்காரம்மா, மனைவி, மகள். அந்த மனிதருக்கு ஒவ்வொரு 'வாரனுங்க'வும் அந்த மத்தியானத்தில் கேட்ட அதே வார்த்தை. அதற்கு அவர் கண்டுபிடித்த மருந்து இன்னொரு டம்ளர் காப்பி.

நம் வேலைக்குப் புதிதாக வருகிற நீங்கள், 'மனதில் காயம்பட்டவர்' என்றால் அலறுவார், ஒதுங்குவார், எரிந்து விழுவார் என்று எதிர்பார்க்கிறீர்கள். சிலருக்கு அப்படித்தான் வரும். ஆனால் அது ஊர் ஒத்துக்கொள்கிற சட்டையைப் போட்டுக்கொண்டும் வரும். எந்தக் குணத்தை ஊர் புகழ்கிறதோ அதற்குப் பின்னால் ஒருவர் மூச்சு முட்டிக் கிடக்கலாம்.

சிகிச்சையில் இரண்டு வேலை இருந்தது. நடந்ததை அவர் குழம்போடு நிறுத்தாமல் முழுக்கச் சொல்ல வேண்டும். ஆட்கள் கிளம்பிப் போவதை, தடுக்காமல், பயத்தோடேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். பயம் ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு தானாக இறங்கும். இறங்குகிற வரை அதனோடு இருந்து பழகிவிட்டால் அடுத்த முறை அவ்வளவு ஏறாது. அவருக்கும் அவர் மனைவி சரஸ்வதிக்கும் இதை விளக்கினேன். சரஸ்வதி எல்லாவற்றுக்கும் "ஆமாங்" என்றார். விசாரித்ததில், இத்தனை நாளும் அவர் நேர் எதிரான வேலையைச் செய்துவந்தது தெரிந்தது. வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொல்லக் கூடாது என்று தடை போட்டிருந்தார். விருந்தாளிகளைச் சமையல்கட்டு வழியாகக் கொல்லைப்புறக் கதவில் நழுவவிட்டார். "அவரு மனசு நோகக் கூடாதல்லங்க?" என்றார்.

கிளம்பிப் போகிற பயிற்சிக்கு முதலில் நாச்சிமுத்துவின் அத்தை ஒருவரைத் தேர்ந்தெடுத்தோம். அவரே சொன்ன ஆள்தான். காப்பி குடித்ததும் "வாரனுங்க" என்று சொல்லிவிட்டு உடனே கிளம்பிவிட வேண்டும், நாச்சிமுத்து தடுக்க மாட்டார். இவ்வளவுதான் ஏற்பாடு. நான் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

அத்தை காப்பியைக் குடித்தார். "செரி சாமி, நான் வாரேன்" என்றார். நாச்சிமுத்து நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "செரிங்கத்தை" என்றார். நான் மனதுக்குள் கைதட்டினேன். அத்தை எழுந்தார். எழுந்தவர் முழங்கால் வலிக்கு யாரிடம் தைலம் வாங்கினார் என்பதைச் சொல்லி முடித்தார். வாசலுக்கு வந்து, காரமடைத் தேருக்கு யார் யார் வந்திருந்தார்கள் என்பதைச் சொன்னார். கேட்டைத் திறந்தார், கறிவேப்பிலைச் செடியைப் பார்த்தார், ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு, "அதென்ன சரசு, செடி இப்படி வாடிக் கெடக்குது" என்று திரும்ப உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். நாச்சிமுத்துவுக்குப் பயம் போய்விட்டது, அத்தை போகவில்லையே.

"நீங்க உடனே கிளம்பணும்னு சொன்னேனே, அம்மா" என்றேன் நான், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அதெப்படிங்க அம்மணி, சொன்னதும் பொக்குனு எந்திரிச்சுப் போறது? மருவாதியா இருக்குமுங்களா?"

அத்தைக்குப் பிறகு சித்தப்பாவை வைத்துப் பார்த்தோம். அவர் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் இருந்துவிட்டார். கிளம்ப விடாதவர் ஒருவர் என்றால் கிளம்பத் தெரியாத கூட்டம் ஒன்று. இவர்களை வைத்துக்கொண்டு இந்த நோய்க்கு எப்படி வைத்தியம் பார்ப்பது என்று எனக்குத் தலை சுற்றியது. கல்லூரி திறக்கிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கவிதா ஒவ்வொரு வாரமும் மாடிப்படியில் நின்று என் முகத்தைப் பார்ப்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள்.

கடைசியில் எனக்குக் கீழ்த்தளத்துப் பல் டாக்டர் நினைவுக்கு வந்தார். சென்னைக்காரர். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து போய்விடுவார். நான் ஒரு வாக்கியத்தின் பாதியில் இருக்கும்போது அவர் மாடிப்படியின் பாதியில் இருப்பார். அதற்காக அவர்மேல் எனக்கு எத்தனையோ நாள் கோபம். இப்போது அதே குணம் வரமாகத் தெரிந்தது. நாச்சிமுத்துவிடம் சம்மதம் கேட்டேன், "கூட்டிட்டு வாங்க" என்றார். வெளியாள் ஒருவரை நீங்கள் இன்று இப்படிச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தால் மேலே இருப்பவர்கள் விளக்கம் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். அன்று என்னைக் கேட்க ஆளில்லை.

பல் டாக்டர் நாச்சிமுத்து வீட்டுக்கு வந்தார். டம்ளரில் பாதியைக் குடித்தார். நான் சொல்லிக்கொடுத்தபடி, "வர்றேங்க சார்" என்றார். எழுந்தார். போய்விட்டார். அவ்வளவுதான். ஸ்கூட்டர் சத்தம் தெருமுக்கு வரை கேட்டது, திரும்பியது, தேய்ந்து மறைந்தது.

நாச்சிமுத்துவுக்கு முகம் வெளுத்தது. கை டெலிபோன் பக்கம் போனது. போய்ச் சேர்ந்தாரா என்று கேட்பது அவர் வழக்கம். "வேண்டாங்க" என்றேன். கையை எடுத்தார். வேர்த்தது. நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். இந்த இடத்தில் நீங்களும் பேசாதீர்கள். ஆறுதல் சொல்ல வாய் துடிக்கும். சொன்னால் அது உங்களுக்குத்தான் ஆறுதல். வெகுநேரம் கழித்து மூச்சு நிதானப்பட்டது. அவர் மெல்லத் தலையைத் தூக்கினார்.

"என்னங்க மனுசன் அவரு!" என்றார். "பாதிக் காப்பிய வெச்சுப்போட்டு அவம்பாட்டுக்கு எந்திரிச்சுப் போறான்!"

இரண்டு வருடத்தில் ஒருவர் கிளம்பிப் போனதற்கு அவருக்கு முதல் முறையாகக் கோபம் வந்திருந்தது. எனக்கு அவரைக் கட்டியணைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

பல் டாக்டர் அதற்குப் பிறகு பலமுறை வந்தார், ஒவ்வொரு முறையும் அதே அழகில் போனார். ஒரு நாள் நாச்சிமுத்து தன் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "சுச்ச அமத்துனாலும் லேத்து சக்கு கொஞ்ச நேரம் சுத்தும் பாரு, அந்த மாதிரிதான் சரசு இது. கைய வெச்சு நிறுத்தப் போனா கைதான் போகும். உட்டா அதுவா நின்னுக்கும்." சக்கு என்றால் லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடித்துச் சுழல்கிற தலை. அதற்குப் பிறகு நான் எல்லாரிடமும் இதைத்தான் சொல்லி வந்தேன்.

சொல்ல வேண்டிய கதை மட்டும் பாக்கி இருந்தது. இப்போது அவர் குழம்பைத் தாண்டத் தொடங்கியிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, இப்போது நடப்பதைப் போலச் சொல்ல வேண்டும். மெதுவாக, தாங்குகிற அளவுக்கு. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து உடைந்தார்.

"மேக்க இருட்டிட்டு வருதுங்க. நான் சொல்றேன், 'மழை வருது மாப்ள, கெளம்பு கெளம்பு'ன்னு. நான்தானுங்க முடுக்கி உட்டேன். செத்த நேரம் உட்டிருந்தா அந்த லாரி போயிருக்குமுங்க."

இந்த இடத்தில், 'உங்கள் மேல் தப்பில்லை' என்று சொல்ல யாருக்கும் தோன்றும். உறவில் பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். அது காதோடு நின்றுவிடும். நான், "அப்புறம்?" என்று மட்டும் கேட்டேன். அதைத் தவிர வேறு எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை.

ஒரு நாள் அதே இடத்துக்கு வந்தார். "வண்டிய எடுத்துட்டான். சத்தம் போவுது. முக்குல திரும்புது..." நின்றார். நெற்றி சுருங்கியது. "மறுக்கா வருதுங்க."

"அப்புறம்?"

"மறுக்கா வந்தானுங்க! போசிய மறந்துபோட்டுப் போயிட்டான். அவங்கம்மாவுக்குக் குழம்பு கொடுத்து உட்டிருந்தா சரசு. வாசல்ல நின்னுக்கிட்டு, 'அக்கா, போசி!'ன்னு கத்தறான். தூறல் போடுதுங்க. நான்... நான் வெளிய வந்து, 'மாப்ள, மழை புடிச்சிருச்சு, இருந்துபோட்டுப் போ'ங்கறேன். கையப் புடிச்சு இழுக்கறேன். அவன் சிரிக்கறான். 'இங்க பேஞ்சா காரமடைல பேஞ்சுருமுங்களா மாமா? மூணு மணிக்குக் கரண்டு வந்துரும், தண்ணி பாய்ச்சோணும். வாரனுங்க மாமா'ன்னு..."

கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார்.

"நான் இருக்கச் சொன்னனுங்க."

"ம்."

"போகச் சொன்னதும் நான்தான், இருக்கச் சொன்னதும் நான்தான். நான் சொன்னதுக்காக அவன் போகவும் இல்லீங்க, இருக்கவும் இல்லீங்க." அவர் உதடு கோணியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். "அந்தப் பய நான் சொன்னத என்னைக்குங்க கேட்டிருக்கறான்? கரண்டு வருதுன்னா கல்யாணப் பந்தியில பாதியில எந்திரிச்சு ஓடற ஆளுங்க அவன்!" சிரித்துக்கொண்டே அழுதார். தங்கவேலு எப்படிப்பட்ட ஆள் என்பதை அன்றுதான் நான் முதல் முறையாகக் கேட்டேன். அதுவரை அவர் அந்தக் கதையில் ஒரு விபத்தாக மட்டுமே இருந்தார்.

சரஸ்வதியிடம் கேட்டேன். ஆமாம், தம்பி போசிக்காகத் திரும்பி வந்தான், இவர் கையைப் பிடித்து இழுத்தார், எல்லாம் நினைவிருக்கிறது என்றார்.

"இதை நீங்க அவர்கிட்ட ஒரு தடவைகூடச் சொல்லலையா?"

"அந்தப் பேச்சை எடுத்தா அவரு சங்கடப்படுவாருன்னு இருந்துபோட்டனுங்க. அவரும் அந்தப் பேச்சையே எடுக்கலீங்க. எனக்குச் சங்கடமுன்னு நெனச்சிருப்பாரு போலிருக்குதுங்க."

தம்பியைப் பறிகொடுத்தவர் சரஸ்வதி. ஒரே வீட்டில் இரண்டு வருடம், ஒருவர் மனம் நோகக் கூடாது என்று மற்றவர் வாயை மூடிக்கொண்டு, இரண்டு பேரும் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள். எனக்கு அன்று இந்த ஊர் மரியாதையின் மேலேயே ஆத்திரம் வந்தது. அன்றைக்கு அவர்கள் இரண்டு பேரையும் பேச விட்டுவிட்டு நான் மாடியிலிருந்து இறங்கிப் போய்ப் பல் டாக்டரின் அறையில் உட்கார்ந்திருந்தேன். அவர் எழுந்து போய்விட்டார்.

கல்லூரியில் சேரப் போகிற நாள் வந்தது. கவிதாவை விடுதியில் விட்டுவர அம்மா கூடப் போவது, அப்பா பஸ் ஸ்டாண்டோடு நின்றுகொள்வது என்று அவரே முடிவு செய்தார். ஒரே பஸ்ஸில் இரண்டு பேரும் போகிறார்கள். பயம் போய்விட்டதா என்று கேட்டேன். "இருக்குதுங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார். நான் தள்ளி ஒரு டீக்கடை ஓரமாக நின்றுகொள்வதாக ஏற்பாடு.

பஸ் கிளம்பும் வரை அவர் ஜன்னல் வழியாக வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். வாழைப்பழம், ஆரஞ்சு, மிக்சர், மறுபடியும் வாழைப்பழம். பின் சீட்டுக்காரர்கள் மடியிலும் இரண்டு சீப்பு ஏறிவிட்டது. "ஏனுங்க, நீங்க ஏறறீங்களா, இல்லீங்களா?" என்று கண்டக்டர் கேட்டார். "இல்லீங்க" என்றார் நாச்சிமுத்து. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்கு இரண்டு முறை எச்சில் விழுங்க வேண்டியிருந்தது.

விசில் அடித்தது. பஸ் நகர்ந்தது. ஜன்னலில் கவிதாவின் முகம் தெரிந்தது, கை அசைந்தது, வாய் மட்டும் இறுக மூடியிருந்தது. அவளுக்குப் பக்கத்தில் சரஸ்வதி. எனக்கு உடனே புரிந்துவிட்டது. அம்மா கடைசி நேரத்தில் மனசு கேட்காமல், அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கிவிட்டார். இத்தனை நாள் பாடுபட்டுக் கட்டியதை ஒரு நிமிடத்தில் கொல்லைப்புறக் கதவு வழியாக அனுப்பிவிட்டாரே என்று நான் நின்ற இடத்தில் கொதித்தேன்.

நாச்சிமுத்து பஸ்ஸோடு கூடவே நடந்தார். நடை ஓட்டமானது. பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டினார். கண்டக்டர் ஒற்றை விசில் அடிக்க, பஸ் குலுங்கி நின்றது. போயிற்று, இறக்கிக் கூட்டிக்கொண்டு வரப்போகிறார் என்று நினைத்தேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார்.

"கண்ணு," என்றார். "சொல்லிப்போட்டுப் போ."

கவிதா அம்மாவைப் பார்த்தாள். சரஸ்வதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார்.

"வாரனுங்கப்பா" என்றாள் அவள்.

அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார். "செரி சாமி. போயிட்டு வா."

பஸ் போய்விட்டது. அவர் அது திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பிய பிறகும் நின்றார். தோள் ஏறி இறங்குவது இங்கிருந்தே தெரிந்தது. நான் நகரவில்லை. சக்கு தானாக நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு திரும்பினார், டீக்கடை ஓரத்தில் என்னைப் பார்த்தார், விறுவிறுவென்று வந்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று காத்திருந்தேன்.

"ஏனுங்க டாக்டரம்மா, இன்னும் இங்கயே நிக்கறீங்க?" என்றார். "பட்டறையில ஆளுக காத்துட்டிருப்பாங்க. நீங்க கெளம்புங்க. நானும் வாரனுங்க."

போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என் முதுகுக்குப் பின்னால் பால் கொதித்து மணம் வந்துகொண்டிருந்தது. ஒரு வாய் காப்பி குடிக்கிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்காமல் என்னை நடுத்தெருவில் நிறுத்திவிட்டுப் போன ஒரே கோயம்புத்தூர்க்காரர் அவர்தான். பல் டாக்டர்கூட இப்படிப் போனதில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு காப்பி சொல்லி, நானே வாங்கிக் குடித்தேன். சர்க்கரை கொஞ்சம் அதிகம். ஆனாலும் நன்றாக இருந்தது.